மருந்தடிக்காமல், நன்மை செய்யும் பூச்சிகளைக் கொண்டே மாடித்தோட்டத்துப் பீடைகளைக் கட்டுப்படுத்த முடியுமா? அவற்றைக் கொழும்பில் எங்கே வாங்கலாம்?

தெகிவளையில் வீட்டு மாடியில் முப்பது சாடிகள் வைத்திருப்பதாகவும், பயற்றையில் சாறு உறிஞ்சும் அழுக்கணவனும் செவ்வரத்தையில் மாவுப்பூச்சியும் கத்தரியில் துளைப்பான் புழுவும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் விவசாயம் படித்தவன் அல்லன். வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஏழு வருடங்களாகச் சாடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கணக்காளன். என் அனுபவத்தில், முதல் இரண்டு பீடைகளுக்கும் முடியும், மூன்றாவதற்குப் போதாது. வாங்கவேண்டிய தேவையோ அநேகமாக இல்லை. ஏனெனில் உங்களுக்கு வேண்டிய பூச்சிகள் ஏற்கனவே உங்கள் மாடிக்கு வந்துபோகின்றன, நாம்தான் அவற்றை அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுகிறோம்.

இதை என் தவறிலிருந்தே சொல்கிறேன். ஒரு மாசி மாத வெயிலில் என் செவ்வரத்தையின் கிளை நுனிகளெல்லாம் வெள்ளை பிடித்துப் போயின. பழைய பற்தூரிகையும் சவர்க்காரத் தண்ணீருமாக உட்கார்ந்து, கண்ணில் பட்டவற்றுள் பெரியவற்றைத் தேடித் தேடித் தேய்த்து அழித்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன் அவற்றுள் ஒன்றை, சில மாவுப்பூச்சிகளோடு சேர்த்து ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தான். இரண்டு கிழமைகளுக்குப் பின் அந்தப் போத்தலில் மாவுப்பூச்சி ஒன்றும் மிஞ்சவில்லை. செம்பழுப்புத் தலையுடைய, மிளகளவான கரிய வண்டு ஒன்று மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. மாவுப்பூச்சியைத் தின்று வாழும் பொறிவண்டு வகைகள் சிலவற்றின் குஞ்சுகள் தம் இரையைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு திரியும் என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். அன்று நான் தேய்த்துக் கொன்ற ‘பெரிய மாவுப்பூச்சி’களில் பாதியாவது அவையாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது எதையும் ஈர்க்கு நுனியால் தொட்டுப் பார்த்த பின்னரே முடிவெடுக்கிறேன். மாவுப்பூச்சி தன் உறிஞ்சுகுழாயைச் செடிக்குள் செலுத்தியிருப்பதால் இலேசில் அசையாது; பொறிவண்டுக் குஞ்சோ இழைகள் கலைந்து தொங்க, விறுவிறென்று நடந்துவிடும். பயற்றையில் அழுக்கணவன் கூட்டத்தின் நடுவே கால்களற்ற, பச்சையும் மங்கலுமான புழு ஒன்று நெளிந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். பூக்களின் மேல் அந்தரத்தில் நிற்கும் மிதவை ஈயின் குஞ்சு அது, அழுக்கணவனைப் பிடித்து உறிஞ்சியே வளர்கிறது. அழுக்கணவன்களில் சில ஊதிப் பெருத்து, வைக்கோல் நிறமாகி, முதுகில் வட்டத் துளையோடு ஒட்டிக்கிடப்பதையும் காண்பீர்கள். சிறு குளவி ஒன்று உயிருள்ள அழுக்கணவனுக்குள் முட்டையிட, அதன் குஞ்சு உள்ளேயிருந்து தின்று முடித்து வெளியேறிய வெறுங்கூடு அது. அத்தகைய கூடுகளுள்ள இலைகளைக் கழுவவோ கிள்ளவோ கூடாது, ஏனென்றால் துளையில்லாத கூடுகளுக்குள் அடுத்த தலைமுறைக் குளவிகள் காத்திருக்கின்றன.

இது ஏதோ புதுமோகம் என்று நினைக்கவேண்டாம். மலைநாட்டுத் தேயிலையை அரித்த இலைசுருட்டிப் புழுவுக்கு எதிராக 1935–36 இல் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்று கொண்டுவரப்பட்டு, அந்தப் புழு பெரும்பாலும் அடங்கியது. பின்னர் தேயிலைத் தண்டு துளைப்பானுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தபோது அந்தக் குளவிகளும் மடிய, அடங்கியிருந்த இலைசுருட்டி மறுபடி தலையெடுத்தது. நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2008 இல் கொழும்பு, கம்பகாப் பக்கங்களில் பப்பாசி மரங்களை வெள்ளையாக்கிய மாவுப்பூச்சி பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் அடுத்த வருடம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எட்டாத அளவிலான குளவிதான் கைகொடுத்தது. ஆனால் அவை அரச விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து விட்டவை. இணையத்தில் விளம்பரமாகும் பூச்சிகளை நாமாக வெளிநாட்டிலிருந்து தருவிப்பது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாடுவதாகும். சந்தேகமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

வருகிற பூச்சிகளைத் தங்க வைப்பதற்கு முதலில் எறும்பை நிறுத்தவேண்டும். அழுக்கணவனும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நின்று, பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. எறும்பு ஏறுகிற செடியில் எவ்வளவு பொறிவண்டு வந்தாலும் பயனில்லை. சாடிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கும்படி சிலர் சொல்வார்கள். கொழும்பில் அதைச் செய்யாதீர்கள், டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்லவும் வேண்டிவரும். நான் சாடிகளை இரும்புத் தாங்கியில் வைத்து, அதன் கால்களில் கிறீஸ் பூசி, கிளைகள் சுவரைத் தொடாமல் வெட்டிவிடுகிறேன். எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இந்த ஒன்றுதான்.

அடுத்தது பூ. வளர்ந்த மிதவை ஈயும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தேனையும் மகரந்தத்தையும் உண்டே வாழ்கின்றன. வாய் சிறியதாகையால் அவற்றுக்குச் சின்னஞ்சிறு பூக்கள் வேண்டும். இரண்டு சாடிக் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்கவிடுங்கள், துளசியையும் பூக்கவிடுங்கள். கும்பிடுபூச்சியைப் பலர் பெரிதாகப் புகழ்கிறார்கள். அது தேனீயையும் மிதவை ஈயையும் சேர்த்தே பிடித்துத் தின்னும் என்பதால் நான் அதைத் தேடிப் போவதுமில்லை, விரட்டுவதுமில்லை.

பொறுமைதான் கடினமான பகுதி. இரை பெருகிய பின்னரே இரைகொல்லி பெருகும். அந்த இடைவெளி என் மாடியில் இரண்டு மூன்று கிழமைகள் எடுக்கிறது, அதுவரை சில இலைகள் சுருண்டே இருக்கும். மனம் பொறுக்காவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அழுக்கணவனைக் குறையுங்கள். வேப்பெண்ணெயும் சவர்க்காரக் கரைசலும் ‘இயற்கை’ என்பதால் தீங்கற்றவை என்று எண்ணி எங்கும் தெளிக்கவேண்டாம், மேலே பட்டால் பொறிவண்டுக் குஞ்சும் சாகும். தெருவில் நுளம்புக்குப் புகையடிக்கும் நாளும் எங்கள் மாடிக்கு ஒரு பின்னடைவுதான். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அன்று மாலை கொத்தமல்லிச் சாடிகளை மாடிப்படியோரம் உள்ளே எடுத்து வைப்பதோடு சரி.

கத்தரிக்கு வருகிறேன். துளைப்பான் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் தளிருக்கோ காய்க்கோ உள்ளே போய்விடுவதால், பொறிவண்டுக்கு அது எட்டாது. உள்ளிருக்கும் புழுவையும் தேடிக் கண்டுபிடிக்கும் குளவி இனங்கள் இலங்கையில் இருக்கின்றன என்றாலும், பத்துச் செடிகளுக்காக அவை வரும் என்று நம்பிக் காத்திருந்து இரண்டு போகக் காயை இழந்திருக்கிறேன். வாடித் தொங்கும் தளிர் ஒவ்வொன்றையும் வாரம் இருமுறை, வாடிய இடத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி, துளைவிழுந்த காய்களோடு கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பிஞ்சு பிடித்தவுடன் அதன்மேல் மெல்லிய வலைப்பை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.