ஓடி ஓடி வலிக்கும் முட்டியும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் முட்டியைப் பற்றியவை. கீழே விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, ஆனாலும் ஓடியும் குதித்தும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்ட வலி. முட்டி ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் தொழில் என்பதால் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவேன் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் ஏமாறப் போகிறீர்கள்.

கேள்வி: ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. இரண்டு வாரமாக முட்டிச்சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது அதிகம். நேராகப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலிருந்து வரும் வலி போலத் தெரிகிறது; குந்தி எழும்போதும், ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்த பிறகும் அதே வலி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதை நீங்கள் சொல்வதைக் கேட்டும் முட்டியைத் தொட்டு மடக்கிப் பார்த்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் சில்லின் குருத்தெலும்பு லேசாக மென்மையாகியிருக்கிறது என்று ஒரு வரி வரும், வலியே இல்லாதவர்களுக்கும் நாங்கள் எழுதும் அதே வரி. ஓட்டத்தைக் குறையுங்கள் (நிறுத்தச் சொல்லவில்லை), தொடையின் முன்தசைக்கும் இடுப்புத் தசைகளுக்கும் பயிற்சி கொடுங்கள், 6 முதல் 12 வாரம் பாருங்கள். இதற்கு நடுவில் முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, அந்தக் கணக்கெல்லாம் ரத்து. உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 52, தினமும் வேகநடை போகிறேன். ரிப்போர்ட்டில் "உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிரேடு 2 சிக்னல்" என்று இருக்கிறது. ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பதில்: கிழியவில்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் ஜவ்வு. நல்ல மெனிஸ்கஸ் எம்.ஆர்.ஐ. படத்தில் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். வயதாக ஆக உள்ளுக்குள் தேய்மானம் வந்து, அந்தக் கறுப்புக்கு நடுவே வெளிறிய புள்ளியோ கோடோ தெரிய ஆரம்பிக்கும். புள்ளி என்றால் கிரேடு 1, கோடு என்றால் கிரேடு 2. அந்தக் கோடு மெனிஸ்கஸின் மேற்பரப்பையோ அடிப்பரப்பையோ தொட்டால்தான் கிரேடு 3, அதைத்தான் கிழிசல் என்போம். அதிலும் ஒரே ஒரு படத்தில் தொட்ட மாதிரி இருந்தால் அடித்துச் சொல்ல மாட்டோம், குறைந்தது இரண்டு படங்களிலாவது தொட வேண்டும்.

சரி, நிஜமாகவே கிழிசல் என்று வந்தால்? அப்போதும் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முட்டியை ஸ்கேன் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ பிடிப்போ இல்லவே இல்லை. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில் வலியில்லாத 115 பேரின் 230 முட்டிகளைப் பார்த்தார்கள். 97 சதவீத முட்டிகளில் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. இந்த வயதில் ரிப்போர்ட் சுத்தமாக வருவதுதான் அதிசயம். தேய்மானத்தால் வரும் கிழிசலுக்கு முதலில் பயிற்சிதான். துளைவழி அறுவை சிகிச்சை வேண்டாம் என்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதலும் அழுத்தமாகச் சொல்கிறது. முட்டி பூட்டிக்கொள்கிறது என்றால் மட்டும் கதை வேறு.

கேள்வி: போட்டிக்காக ஓடும் தூரத்தைச் சட்டென்று இரண்டு மடங்காக்கினேன். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, உள்பக்கம், எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். தொடர்ந்து ஓடலாமா?

பதில்: ஓடாதீர்கள். இந்தப் பட்டியலிலேயே நான் யோசிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது உங்களைத்தான். எலும்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்வதற்குள் அடுத்தடுத்து சுமை ஏறினால் நுண்ணிய விரிசல்கள் சேரும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை அதற்குப் பேர்போன இடம். ஆரம்பத்தில் எக்ஸ்-ரே சுத்தமாக இருப்பது சகஜம், ஏனென்றால் எக்ஸ்-ரேயில் தெரிவது பெரும்பாலும் எலும்பு ஆற ஆரம்பித்த பிறகு வரும் மாற்றங்கள், அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும், சில நேரம் தெரியாமலே போய்விடும். எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நீரை மட்டும் பளிச்சென்று காட்டும் படங்கள் அதில் உண்டு, விரிசல் விழுவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது அதில் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

ஃபிரெடரிக்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1995இல் கீழ்க்கால் எலும்புக்காக வகுத்த நான்கு படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம்: எலும்பின் மேலுறையில் மட்டும் வீக்கம் என்றால் முதல் நிலை, விரிசல் கோடே தெரிந்தால் நான்காவது. நடுவிலுள்ள இரண்டும் மஜ்ஜை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. நிலை ஏற ஏற ஓய்வும் நீளும். சில வாரமா, பல மாதமா என்று முடிவெடுக்க அது உதவும். அப்புறம், டாக்டரிடம் சாப்பாட்டைப் பற்றியும் பேசுங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாதவர்களுக்கும், மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்கும், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இது திரும்பத் திரும்ப வரும், அதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

கேள்வி: முட்டியின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் கத்தி குத்துவது போல வலி. நின்றால் போய்விடுகிறது. எம்.ஆர்.ஐ. நார்மல். அப்படியானால் வலி என் கற்பனையா?

பதில்: இல்லவே இல்லை. இடுப்பிலிருந்து முட்டி வரை தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் பட்டை, முட்டி சுமார் 30 டிகிரி மடங்கும்போது எலும்போடு அழுந்துவதால் வரும் வலி இது. சில சமயம் பட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் நீர் தெரியும், பல சமயம் தெரியாது. ஸ்கேன் எடுப்பது நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போது. ஓடும்போது மட்டும் சத்தம் போடுகிற வண்டியை நிறுத்திவைத்துப் பார்ப்பது போலத்தான். நீங்கள் விவரித்ததே நோயை முக்கால்வாசி சொல்லிவிட்டது.

கேள்வி: வாலிபால் ஆடுகிறேன். சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் தடித்து, உள்ளே சிறு கிழிசல் என்று ரிப்போர்ட். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுக்கவா?

பதில்: எதற்கு? வலி குறைகிறது, தாங்கும் எடை கூடுகிறது, அதுதான் உங்கள் அளவுகோல். தசைநாணின் தோற்றம் வலியோடு சேர்ந்து மாறுவதில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களிடமும் தடித்த தசைநாண் இருக்கும். மறுபடி எடுத்து "அப்படியே இருக்கிறது" என்று வந்தால் உங்கள் மனசுதான் கெடும், பயிற்சி மாறப்போவதில்லை. முதல் தடவையே அல்ட்ராசவுண்ட் போதுமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. இன்னொரு நுணுக்கம்: தசைநாணின் இழைகள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்திருந்தால், நோயே இல்லாவிட்டாலும் சில வகைப் படங்களில் வெளிச்சமாகத் தெரியும். அதனால்தான் ஒரு வகைப் படத்தை மட்டும் பார்த்து நாங்கள் எழுதுவதில்லை.

கேள்வி: 13 வயது மகனுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. கால்பந்து ஆடுவான்.

பதில்: வளரும் வயதில் தசைநாண் எலும்பில் சேருமிடம் இழுபடுவதால் வருவது, 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் இருவரும் தனித்தனியாக விவரித்தது. தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம், எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஆனால் புடைப்பில்லாமல் முட்டி வலி என்று சொல்லும் பிள்ளை நொண்டி நடந்தால் இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு முட்டி வலியாக வேஷம் போடும். ராத்திரியில் எழுப்பும் வலி என்றால் முதலில் எக்ஸ்-ரே, அதுவும் தள்ளிப்போடாமல்.

கேள்வி: 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? ஊசி போடுவார்களா? மூடிய இடம் என்றால் எனக்குப் பயம்.

பதில்: டெஸ்லா என்பது ஸ்கேன் காந்தத்தின் வலிமைக்கான அளவு. 1.5 போதும், குருத்தெலும்பின் நுணுக்கம் வேண்டுமானால் 3 நல்லது. படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் மருந்து ஊசி, இந்த மாதிரி வலிக்கு எடுக்கும் ஸ்கேனில் பொதுவாகக் கிடையாது. முட்டிக்குக் கால்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியேதான். கதிர்வீச்சு இல்லை, சத்தம்தான் ஜாஸ்தி. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்துகள், இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேனுக்குப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: பழைய எக்ஸ்-ரேக்கள், பழைய ஸ்கேன்கள். அதைவிட முக்கியமாக விவரம். எங்களுக்கு வரும் சீட்டில் பல நேரம் "முட்டி வலி" என்று இரண்டே சொல்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஏகப்பட்ட படங்களில் எதைத் தேடுவது? எத்தனை வாரமாக, என்ன செய்தால், எந்த இடத்தில் வலி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரே விரலால் காட்ட முடிகிற இடமாக இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், அங்கே தோல் மேல் ஒரு எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுவார். அது படத்திலும் வெள்ளையாகத் தெரியும், நான் முதலில் அதன் அடியில்தான் பார்ப்பேன்.