மாத்திரை சாப்பிட்டும் ஈசினோஃபில் குறையாதது ஏன்?

கேள்வி: ஆண்டு முழுவதும் தும்மலும் மூக்கடைப்பும் இருக்கின்றன. ஒவ்வாமை மாத்திரையால் தும்மல் குறைந்தது. மூக்கடைப்பு குறையவில்லை, ரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு வகை 9 சதவீதமாகவே நிற்கிறது. 200 உணவுகளுக்கான பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். மாத்திரை பலிக்கவில்லையா?

பதில்: பலித்திருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேலை அந்த மாத்திரையின் வேலையே அல்ல.

ஒவ்வாமைப் பொருள் மூக்கில் பட்டதும், அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள் தம்மீது ஒட்டியிருக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருளின் வழியாகத் தூண்டப்பட்டுச் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் நீரொழுக்கும் பெரும்பாலும் அதன் விளைவு. உங்கள் மாத்திரை தடுப்பதும் அதைத்தான். ஆனால் அதே செல்கள் லூகோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் டி2 ஆகிய அழற்சிப் பொருள்களையும் வெளியிடுகின்றன. அவற்றோடு டி-செல்கள் முதலிய நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-5 என்னும் தூதுப் புரதம் எலும்பு மஜ்ஜைக்கே எட்டி, ஈசினோஃபில்களை அதிகமாக உருவாக்கி ரத்தத்தில் இறக்கிவிடச் செய்கிறது. அழற்சியுள்ள இடத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர், இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றின் தூண்டலால், பசைபோன்ற புரதங்களை வெளிக்காட்டி ஈசினோஃபில்களைப் பிடித்து நிறுத்துகிறது. திசுவிலிருந்து கசியும் ஈயோடாக்சின் என்னும் ஈர்ப்புப் பொருள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவும் நடக்கச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் பட்ட தூசிக்கு மாலையில் மூக்கின் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்வது இதனால்தான். இந்த அழைப்பைத் தணிப்பதில் வலுவானது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து; அதை ஒருநாள் அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிடாமல், தினமும் இரண்டு வாரமாவது பயன்படுத்தினால்தான் பலன் முழுமையாகத் தெரியும்.

9 சதவீதம் என்பது தனியாக எதையும் சொல்லாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் 4,500 என்றால் ஈசினோஃபில் 405. 12,000 என்றால் 1,080. பொதுவாக, ஒரு மைக்ரோலிட்டரில் 500-ஐத் தாண்டினால்தான் அதிகம் என்கிறோம். அறிக்கையில் சதவீதத்தைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, அதை விளக்க ஒரு வரிகூட எழுதாமல் நோயாளியின் கையில் திணிக்கும் வழக்கம் என்று ஒழியுமோ தெரியவில்லை.

200 உணவுப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அளப்பது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி என்னும் வேறு எதிர்ப்பொருள். அது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது. இச்சோதனையை நம்ப வேண்டாம் என ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008-இலேயே அறிவித்தும், பரிந்துரைப்பவருக்குத் தரகு கிடைக்கும்வரை விற்பனை நிற்பதாக இல்லை. முட்டையையும் பாலையும் கோதுமையையும் விட்டுவிட்டு மெலிந்து போனவர்கள்தான் மிச்சம். ‘ரத்தத்தைச் சுத்தம் செய்யும்’ பொடிகளும் இதே கணக்கில் சேரும். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

ஈசினோஃபில் உயர வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் குடற்புழு மண்ணிலிருந்து வெறும் காலின் தோல் வழியாக நுழைந்து, உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. சாதாரண மலப் பரிசோதனையில் அது பலமுறை தப்பிவிடும். ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் சோதனை கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். அந்தப் புழு இருக்கும் உடலில் ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ செலுத்தினால், ஈசினோஃபில் எண்ணிக்கை அழகாக இறங்கும். புழுவோ கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல் முதலான உறுப்புகளுக்குப் பரவி உயிரையே பறிக்கலாம். ஆகவே எண்ணிக்கையைக் குறைக்கவென்று யாரேனும் ஊசி போட முன்வந்தால், புழுவுக்குப் பார்த்துவிட்டீர்களா என்று முதலில் கேளுங்கள். மூக்கில் அடிக்கும் மருந்தை வழக்கமான அளவில் பயன்படுத்தும்போது இந்த அச்சம் தேவையில்லை.

மருத்துவரிடம் மூக்கு மருந்தைப் பற்றியும், ஈசினோஃபிலின் மொத்த எண்ணிக்கையைப் பற்றியும் கேளுங்கள். இரவில் இருமலோ இளைப்போ இருந்தால் நுரையீரல் செயல்திறன் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் அது மூக்கு ஒவ்வாமையால் மட்டும் வந்ததாக இராது. ரத்தவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும்.