டெராஹெர்ட்ஸ் கருவி மூட்டுவலியைப் போக்குமா? இது புதுக் கண்டுபிடிப்பா?

உங்கள் வீட்டிலும் யாரோ வாங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். போன வருஷம் என் பெரியம்மா, ஹேர் டிரையர் மாதிரி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "எலும்பு வரைக்கும் போகுமாம்டா" என்றார். ஐந்து வருஷம் இந்த டெராஹெர்ட்ஸ் அலைகளோடு (மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டவை; 1 டெராஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு) வேலை பார்த்தவன் நான், மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு மாத்திரையின் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை அதைக் கடந்து வருகிறது என்ற வரைபடத்தை, எடுத்தேன். 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் கூர்மையான பள்ளங்கள். மருந்தின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் திரும்பத் திரும்ப அளந்தேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, "பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை விட்டுட்டு எடுப்பா" என்றார். அந்தச் சிலிண்டருக்கு மூன்று மாதம் கையெழுத்துக் கையெழுத்தாக அலைந்தேன். ஆராய்ச்சி செய்ய வந்த பிள்ளைகளை இப்படிக் கோப்பு தூக்க வைப்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சரி, சிலிண்டர் வந்தது, பள்ளங்கள் மறைந்தன. அத்தனையும் அறைக் காற்றில் இருந்த ஈரம்.

காற்றின் ஈரமே இந்தப் பாடு படுத்தினால், பெரும்பகுதி தண்ணீரான உடம்பு சும்மா விடுமா? 1 டெராஹெர்ட்ஸ் அலை 0.1 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். மூட்டுக்கு எங்கே போவது?

புதுசும் இல்லை. 1900இல் பெர்லினில் ரூபென்ஸ், குர்ல்பாம் என்ற இயற்பியலாளர்கள் 51 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை, அதாவது கிட்டத்தட்ட 6 டெராஹெர்ட்ஸில், வெப்பக் கதிரை அளந்தார்கள். வெப்பக் கதிருக்கு அதுவரை இருந்த பழைய சூத்திரம் அந்த அளவுகளுக்குப் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்யப் போய்த்தான் மாக்ஸ் பிளாங்க் தன் கதிர்வீச்சு விதியை எழுதினார். குவாண்டம் இயற்பியலே அங்கிருந்துதான் பிறந்தது! 1995இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹூ, நஸ் என்ற ஆய்வாளர்கள் ஓர் இலை காய்வதை இந்த அலைகளால் படமெடுத்தார்கள். 2009இல் விண்ணுக்குப் போன ஹெர்ஷல் தொலைநோக்கி, என்னைக் குழப்பிய அதே 0.557 டெராஹெர்ட்ஸ் நீராவி அடையாளத்தை வைத்துத்தான் விண்வெளியில் நீராவியைத் தேடியது. இப்படிப்பட்ட துறையின் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

"அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்" என்று எழுத வருபவர்களுக்கு: நான் மருத்துவர் இல்லை. வலி குறைந்ததென்றால் மறுக்கவும் மாட்டேன். அந்தக் கருவி தரும் சூடு வெந்நீர் ஒத்தடத்திலும் கிடைக்கும். பெரியம்மாவை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.