க்னூபிளாட்டில் வளைவரைகள்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: வரைபடம் வரையும் மென்பொருளான க்னூபிளாட்டில், துருவ ஆயத்தில் (கோணமும் மையத்திலிருந்து தூரமும் கொண்டு புள்ளியைக் குறிக்கும் முறை; கட்டளை ‘செட் போலார்’) இதழ் இதழாக வரும் ரோஜா வளைவரை வரைய, காஸ்(5/2*டி) என்று கொடுத்தேன்; டி என்பது கோணம். பத்து இதழ் வர வேண்டிய இடத்தில் நான்குதான் வருகிறது. ஏன்?

பதில்: வில்லங்கம் 5/2-இல் இருக்கிறது. வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டும் முழு எண்ணாக இருந்தால் க்னூபிளாட் ஈவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். அதன் கணக்கில் 5/2 என்றால் 2. ஆக, நீங்கள் வரைந்தது காஸ்(2*டி). அதற்கு நான்கு இதழ்தான். 5.0/2 என்றோ 2.5 என்றோ எழுதுங்கள்.

அப்போதும் பத்து வராது. போலாரில் கோணம் தானாக 0 முதல் 2π வரைதான் ஓடும். 2.5-க்கு அது பாதி தூரம். நான்கு முழு இதழும், இரு முனையிலும் அரை அரை இதழுமாகப் படம் நின்றுவிடும். ‘செட் டிரேஞ்ச்’ கட்டளையில் எல்லையை 4π ஆக்கினால் பத்தும் வந்துவிடும். மற்ற எண்களுக்கும் இதே வழிதான்: சுருக்கிய பின்னமாக எழுதி, பகுதியை 2π-ஆல் பெருக்கிய அளவுக்குக் கோணத்தை ஓடவிட வேண்டும். தொகுதியும் பகுதியும் ஒற்றைப்படையானால் அதில் பாதியே போதும். இதழ்கள் நசுங்கித் தெரிந்தால் ‘செட் சைஸ் ரேஷியோ -1’ கொடுங்கள். இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் வரும்.

கேள்வி: சைன்(எக்ஸ்) சரியாக வருகிறது. சைன்(31*எக்ஸ்) கொடுத்தால் அலையே இல்லை. ஏறக்குறைய நேரான ஒரு சாய்கோடு மட்டும் வருகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. க்னூபிளாட்டுக்கு உங்கள் சார்பின் வடிவம் தெரியாது; சில புள்ளிகளில் மதிப்பைக் கணக்கிட்டு, அவற்றைக் கோட்டால் இணைக்கிறது, அவ்வளவுதான். நாம் எதையும் மாற்றாவிட்டால் -10 முதல் 10 வரை 100 புள்ளிகள். இடைவெளி 20/99, அதாவது 0.2020. உங்கள் அலையின் நீளம் 2π/31, அதாவது 0.2027. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்பதால், ஒவ்வொரு புள்ளியும் அடுத்தடுத்த அலையில் கிட்டத்தட்ட அதே இடத்தில், ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. 99 தாவல்களில் சேரும் மொத்த நகர்வு மூன்றில் ஒரு பங்கு அலைதான். -0.85-இல் தொடங்கி 0.85 வரை ஏறும் அந்தச் சாய்கோடு இதுதான்.

‘செட் சாம்பிள்ஸ் 2000’ கொடுத்தால் அலை ஒன்றுக்குச் சுமார் 20 புள்ளி கிடைக்கும்; அதற்குக் குறைந்தால் முகடுகள் மொக்கையாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ‘வித் லைன்ஸ்பாயிண்ட்ஸ்’ சேர்த்து வரையுங்கள், புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். மேலே சொன்ன ரோஜாவுக்கும் 1000 புள்ளியாவது வையுங்கள். இல்லையென்றால் இதழுக்குப் பத்துப் புள்ளிதான், முனை உடைந்து நிற்கும்.

கேள்வி: டேன்(எக்ஸ்) வரைபடத்தில் தொலைத்தொடுகோடு (வளைவரை நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடு) இருக்கும் இடங்களில் செங்குத்துக் கோடுகள் வருகின்றன. எப்படி நீக்குவது?

பதில்: அவை தொலைத்தொடுகோடுகள் அல்ல. இந்தப் பக்கத்துப் பெரிய மதிப்பையும் அந்தப் பக்கத்துப் பெரிய எதிர்ம மதிப்பையும் இணைத்த கோடுகள். மதிப்பின் அளவு 10-ஐத் தாண்டினால் 1/0, இல்லாவிட்டால் டேன்(எக்ஸ்) என்று கேள்விக்குறி-முக்காற்புள்ளி நிபந்தனையாக எழுதுங்கள். 1/0 வந்த புள்ளியில் கோடு அறுந்துவிடும். ஆனால் இப்படி வெட்டிய பகுதியின் அகலம் 0.199, வழக்கமான புள்ளி இடைவெளியோ 0.202. புள்ளி எதுவும் உள்ளே விழாமல் தாண்டிப் போகலாம், அப்போது கோடு அப்படியே இருக்கும். இங்கும் சாம்பிள்ஸ் 1000.

கேள்வி: கனமூலம் வரைய எக்ஸ்**(1/3) (** என்பது அடுக்குக் குறி) கொடுத்தால் கிடைக்கோடு வருகிறதே?

பதில்: மறுபடி முழு எண் வகுத்தல்; 1/3 பூச்சியமாகி, எல்லா இடத்திலும் விடை 1. 1.0/3 என்று திருத்தினாலும் எதிர்ம எண்களுக்குக் கலப்பெண் விடை வருவதால் இடது பாதி காலியாக இருக்கும். எஸ்ஜிஎன்(எக்ஸ்)*ஏபிஎஸ்(எக்ஸ்)**(1.0/3) என்று கொடுத்தால் முழுதாக வரும்.

கேள்வி: சேமித்த பிடிஎஃப் கோப்பு திறக்க மறுக்கிறது.

பதில்: வரைந்து முடித்ததும், கோப்பின் பெயர் இல்லாமல் ‘செட் அவுட்புட்’ என்று மட்டும் ஒருமுறை கொடுங்கள். அதுவரை கோப்பு மூடப்படாமல் அரைகுறையாகவே இருக்கும்.