அறிக்கையில் இருப்பது யாருடைய கையெழுத்து?

கேள்வி: என் மகன் 8ஆம் தரம் படிக்கிறான். போன தவணையில் கணிதத்துக்கு 18, விஞ்ஞானத்துக்கு 24 புள்ளிகள். இரண்டு ரியூசனுக்கு விட்டும் பலனில்லை. ரியூசன் சேரோடு கிழமைக்கு ஒருதடவை போனில் கதைக்கிறேன். பள்ளிக்கூட ரீச்சர்மார் கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். கணவர் கட்டாரில். நான் 6ஆம் வகுப்போடு நின்றவள், ரீச்சர்மாரோடு கதைக்க வெட்கம். பெற்றோர் கூட்டத்துக்கு உயர்தரம் படிக்கும் மூத்த மகள் போய்வருவாள், தேர்ச்சி அறிக்கையிலும் எனக்காக அவளே கையெழுத்து வைத்துவிடுவாள். மகனை ரவுண் பள்ளிக்கூடத்துக்கு மாற்றவா, இன்னொரு ரியூசனுக்கு விடவா?
- ஒரு தாய், சாம்பல்தீவு

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. அந்தக் கையெழுத்தைப் பற்றி முதலில் பேசுவோம்.

மகனின் புள்ளிகள் உங்களுக்கு மனப்பாடம். அதே அறிக்கையின் கீழே வகுப்பாசிரியரின் குறிப்புக்கென்று ஓர் இடம் இருக்குமே, அதில் என்ன எழுதியிருந்தது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூத்தவள் வாசித்திருப்பாள். தம்பிக்கு அடி விழும் என்றோ, அம்மாவின் மனம் நோகும் என்றோ தனக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை வேறென்ன செய்யும்?

ரீச்சரின் பக்கம் இருந்து பாருங்கள். தவணைக்குத் தவணை குறிப்பு எழுதி அனுப்புகிறார். கையெழுத்தோடு திரும்பி வருகிறது. தாய் வாசித்திருக்கிறாள், ஆனால் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. இந்த வீட்டில் யாருக்கும் அக்கறையில்லை என்றுதான் அவர் நினைப்பார். நீங்களோ ரீச்சருக்கு அக்கறையில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். நடுவில் பையன் 18 புள்ளியோடு நிற்கிறான்.

வெட்கம் என்கிறீர்கள். ரியூசன் சேரோடு கிழமைதோறும் கதைக்க அந்த வெட்கம் வரவில்லையே? அங்கே காசு கட்டுகிறீர்கள், கேட்க உரிமை உண்டென்று வாய் திறக்கிறது. இந்த நாட்டில் பள்ளிக்கூடக் கல்வி 1945இலிருந்து இலவசம். காசு வாங்காத இடத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கள் சனம் தானாகவே ஒதுங்கி நின்று பழகிவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெயின்ற் செலவுக்கு மணிக்கணக்கில் சண்டை பிடிப்போம், 8ஆம் தரத்தில் எத்தனை பிள்ளைகள் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.

மூத்தவளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் மூத்த பெண்பிள்ளையைப் பாதித் தாயாக்கிவிடுகிறோம். பொறுப்பான பிள்ளை என்று பெருமையும் படுகிறோம். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. அவளுக்கும் முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. தம்பியின் பாரத்தை அவள் தலையில் வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

சரி, செய்யவேண்டியது இது. மகனின் கணிதக் கொப்பியையும் தமிழ்க் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். கூட்ட நாளில் வேண்டாம். எல்லாத் தாய்மாருக்கும் முன்னால் புள்ளிகளை உரத்து வாசிக்கிற பழக்கம் சில ஆசிரியர்களிடம் இருக்கிறது, அது பிழை. உங்களைப் போன்றவர்களை வீட்டிலேயே இருக்கவைப்பதும் அதுதான். ரீச்சர் உங்களிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா, இரண்டு ரியூசனும் முடித்து எத்தனை மணிக்கு வீடு வருகிறான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பாடத்தில் தூங்குகிறான், கரும்பலகையில் இருப்பதைச் சரியாக எழுதுகிறானா, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானா என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எத்தனை ரியூசனுக்குக் காசு கட்டியும் என்ன?

இன்னொன்று. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 7ஆம் தரப் பிள்ளைகளின் கண்ணையும் பார்ப்பார்கள். உங்கள் மகன் போன வருடம் 7ஆம் தரம். கண்ணையோ காதையோ காட்டச் சொல்லித் துண்டு ஏதும் தந்தார்களா? அதுவும் மூத்தவளின் கையோடு நின்றுவிட்டதா? இன்றைக்கே கேளுங்கள். துண்டு இல்லாவிட்டாலும் ஒருதடவை அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

கண்ணும் காதும் சரியென்றால், கொப்பியில் ஒரு பந்தியை உங்களுக்கு முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். 6ஆம் வகுப்புப் படிப்பு அதற்குத் தாராளமாகப் போதும். ஒவ்வொரு வரியிலும் தடக்கினால் அதை ரீச்சரிடம் அப்படியே சொல்லுங்கள். வாசிப்பே இடறுகிற பிள்ளைக்குக் கணிதமும் வராது, விஞ்ஞானமும் வராது. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர்களிடம் காட்டலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். அப்படிக் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னால், அயலுக்குத் தெரிந்துவிடும் என்று பின்வாங்காதீர்கள். கணவரிடமும் அன்று இரவே போனில் சொல்லுங்கள்.