திறந்த மாடல் பெயிண்ட் காயாம வெச்சுக்கறது எப்படி: கேள்வி பதில்

பிளாஸ்டிக் விமானம், டேங்க் மாதிரி சின்ன மாடலுக்கு அடிக்கிற பெயிண்ட்ட, தொறந்ததுக்கப்புறம் எப்படி பாத்துக்கறதுன்னு நெறைய பேரு கேட்டிருக்கீங்க, வரிசையா சொல்றேன். மொதல்ல உங்க பாட்டில்ல இருக்குறது எப்படி காயுற பெயிண்ட்னு தெரிஞ்சுக்குங்க, பாதி கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு. லேக்கர்ங்கறது, அதுல இருக்குற தின்னர் (பெயிண்ட நீர்க்க வெக்கிற திரவம்) ஆவியாகி காயும், எனாமல் காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட சேர்ந்து இறுகும், தண்ணி அக்ரிலிக்ல தண்ணி போனதும் ரெசின் (பெயிண்ட ஒட்ட வெக்கிற பிசின்) துகளெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி படலமாயிடும்.

கேள்வி: அண்ணா, ஹம்ப்ரால் 14 மில்லி டின், பாதிதான் யூஸ் பண்ணேன், தொறந்து பாத்தா மேல ஆடை கட்டியிருக்கு. கலக்கி விட்டுடவா?

பதில்: ஐயோ வேணாம்பா. அது இறுகிப்போன எனாமல், ஒயிட் ஸ்பிரிட் (எனாமலுக்கான தின்னர்) ஊத்தினாலும் திரும்ப பெயிண்ட் ஆகாது, கலக்குனா துணுக்கு துணுக்கா ஒடஞ்சு மாடல் மேல போய் உக்காரும். டூத்பிக்கால ஓரத்த சுத்தி விட்டு முழுசா தூக்கி எடுத்துடு, கீழ இருக்குறது பெரும்பாலும் நல்லாவே இருக்கும். மூடறதுக்கு முன்னாடி டின் விளிம்புல இருக்குற பள்ளத்த துடைச்சிடு, அங்க காஞ்ச பெயிண்ட் இருந்தா மூடி சரியா உக்காராது, காத்து உள்ள போயிட்டே இருக்கும். ரொம்ப கொஞ்சம்தான் மிச்சம்னா கழுத்து வரைக்கும் நெறையுற மாதிரி சின்ன கண்ணாடி பாட்டிலுக்கு மாத்திடு, ஏன்னா டின்ல பாதி காலின்னா பாதி காத்துன்னு அர்த்தம்.

கேள்வி: தலைகீழா வெச்சா ஆடை கட்டாதுன்னு சொல்றாங்களே?

பதில்: உள்ள இருக்குற காத்து எங்க போகும்? டின் அடிப்பக்கம் போயிடும், ஆடையும் அங்கதான் கட்டும். நிமித்தினா அது அடியில கிடக்கும், நீங்க பாக்காமலே கலக்கிடுவீங்க. எனக்கு இந்த ஐடியால நம்பிக்கை இல்ல.

கேள்வி: மிஸ்டர் கலர் லேக்கர் பாட்டில் மொத்தமா கட்டியாயிடுச்சு ப்ரோ, குப்பைதானா?

பதில்: இல்லவே இல்ல, லேக்கர்ல இதுதான் சௌகரியம். லேக்கர் தின்னர் கொஞ்சம் ஊத்தி மூடி ஒரு ராத்திரி விட்டுட்டு அப்புறம் கிளறுங்க, தேவைன்னா இன்னும் கொஞ்சம், பொறுமைதான் வேணும். கெட்டியானத மீட்கறதுக்குன்னே அதே கம்பெனி தனியா ஒரு திரவம் விக்குது. ஜன்னல் தொறந்திருக்கட்டும், பக்கத்துல நெருப்பு கூடாது.

கேள்வி: டாமியா எக்ஸ்எஃப் கெட்டியாயிருக்கு. அதுவும் அக்ரிலிக்தானே, தண்ணி அக்ரிலிக்கான வல்லெஹோ மாதிரி தண்ணி ஊத்தலாமா?

பதில்: ரெண்டும் ஒன்னு இல்லைங்க. டாமியால ஆல்கஹால் இருக்கு, அதோட சொந்த தின்னர் எக்ஸ்-20ஏ ஊத்துங்க, லேக்கர் தின்னர் கூட ஒத்துக்கும். அதே லேக்கர் தின்னர வல்லெஹோல ஊத்துனீங்கன்னா பால் திரிஞ்ச மாதிரி ஆயிடும். வல்லெஹோவுக்கு அதோட தின்னர், இல்லன்னா டிஸ்டில்ட் வாட்டர் ரெண்டு சொட்டு. ரப்பர் மாதிரி கட்டி கட்டியா இருந்தா விட்டுடுங்க, அது திரும்பி வராது.

கேள்வி: வல்லெஹோல மேல தெளிவா ஒரு திரவம் நிக்குது, கெட்டுப்போச்சா?

பதில்: பிக்மென்ட், அதாவது நிறத்தூள், அடியில தங்கியிருக்கு, அவ்ளோதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு ஒன்னு போட்டு நல்லா குலுக்குங்க. சாதா இரும்பு குண்டு துருப்பிடிக்கும், வேணாம்.

கேள்வி: நான் டொரண்டோல இருக்கேன், பெயிண்டெல்லாம் கராஜ்ல. குளிர் ஆகுமா?

பதில்: தண்ணி அக்ரிலிக்க உடனே வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. உறைஞ்சு உருகினா எமல்ஷன் பிரிஞ்சு திரிதிரியாயிடும், குலுக்கினாலும் சேராது. எனாமல், லேக்கருக்கு அவ்ளோ பயம் இல்ல. சூடும் ஆகாதுங்க, சென்னைல மொட்டமாடி ரூம்ல வெக்கிறவங்களும் கேட்டுக்குங்க, கீழ நிழலான அலமாரி போதும். ஃப்ரிட்ஜ்ல வெக்கலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார், சாப்பாட்டு பக்கத்துல தின்னரா, வேணாம் சார்.

கேள்வி: ஏர்பிரஷ்ல (காத்தால பெயிண்ட் தெளிக்கிற கருவி) மிஞ்சினத திரும்ப பாட்டில்லயே ஊத்தலாமா?

பதில்: கூடாது, தனி பாட்டில்ல ஊத்தி பேரும் தேதியும் ஒட்டுங்க. குழாத்தண்ணி கலந்தது உள்ள போனா கிருமி வளர்ந்து நாற ஆரம்பிக்கும், நாறுற அக்ரிலிக்க யூஸ் பண்ணாதீங்க.

கேள்வி: கண்ணாடி பாட்டில் மூடி ஒட்டிக்கிச்சு, திருகவே முடியல!

பதில்: மூடிய மட்டும் சுடுதண்ணில ஒரு நிமிஷம் காட்டிட்டு ரப்பர் கிளவுஸ் போட்டு திருகுங்க, லைட்டர் பக்கமே போகாதீங்க. தொறந்ததும் மரையில இருக்குற பெயிண்ட அதுக்கு ஏத்த தின்னர்ல துடைச்சிட்டு மூடுங்க.