அட்லாண்டாவில் வீடு தேடும் மருமகனுக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் கறுப்பின அமெரிக்கர் ஒருவரைத் திருமணம் செய்திருக்கிறாள். மருமகன் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். சிகாகோவிலிருந்து அட்லாண்டாவுக்கு மாற்றலாகிறார்; அலுவலகம் நகரின் நடுவே, மிட்டவுனில். ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கும் எங்கள் உறவினர்கள், "இங்கேயே வந்துவிடுங்கள், பள்ளிக்கூடம் நல்லது, நம்மவர்கள் நிறைய" என்கிறார்கள். மகளுக்கும் ஆசைதான். மருமகன் மட்டும் பிடிகொடுக்காமல் பேசுகிறார். எங்களைப் பிடிக்கவில்லையோ என்று மனசு சங்கடப்படுகிறது. – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, அவருடைய தயக்கத்துக்கு உங்கள் உறவினர்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் அந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பழைய கதையே போதும். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஃபோர்சைத்தில் 1,098 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளையினப் பெண் கொலையானதை அடுத்து, கும்பல்கள் இரவோடு இரவாக வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தின. சில மாதங்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த கவுண்டி. 1987 ஜனவரி 17 அன்று சமத்துவம் கேட்டு நடந்த சிறு ஊர்வலத்தின்மீது கல் வீசினார்கள். ஒரு வாரம் கழித்து சுமார் 20,000 பேர் பாதுகாப்புப் படையின் காவலோடு அதே ஊரில் நடந்தார்கள். உங்கள் மருமகனின் பெற்றோர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய காட்சி அது.

இன்று அந்தக் கவுண்டியின் தெற்குப் பகுதி முழுக்கப் புதுக் குடியிருப்புகள். 2020 கணக்கெடுப்பில் ஆசியர் ஏறக்குறைய 18 சதவீதம். கறுப்பினத்தவர் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அங்கே நிம்மதியாக வாழும் கறுப்பினக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் நமக்கு 'நல்ல ஏரியா' என்பது அவருக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பிள்ளைகள் அங்கே கூட்டத்தில் ஒருவர். அவர் தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கும் ஒருவராக இருக்கலாம். "உங்களுக்கு எங்கே மூச்சு முட்டாமல் இருக்கும்?" என்று மகள் அவரிடம் நேராகக் கேட்பதுதான் முதல் வேலை.

வரலாறு ஒன்றே முடிவு செய்துவிடாது என்பதற்கும் அட்லாண்டாவிலேயே சாட்சி உண்டு. 1915-இல் வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் மறுபிறப்பு எடுத்தது ஸ்டோன் மவுண்டன் உச்சியில். அந்த மலையடிவார ஊர் 1997-இல் கறுப்பின மேயரைத் தேர்ந்தெடுத்தது. இன்று அங்கே கறுப்பினத்தவரே பெரும்பான்மை. அதனால் பழைய கதையைத் தெரிந்துகொண்டு, இப்போது யார் வாழ்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி தூரம். தெற்கு ஃபோர்சைத்திலிருந்து மிட்டவுன் 30 மைலுக்கு மேல், ரயில் கிடையாது. நெடுஞ்சாலை 400 காலையில் எப்படி நகரும் என்பதை உங்கள் உறவினர்களே சொல்வார்கள். மார்ட்டா ரயில் வடக்கே நார்த் ஸ்பிரிங்ஸோடு நின்றுவிடுகிறது.

மிட்டவுன் அலுவலகத்துக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது மேற்கு, தென்மேற்குப் பக்கம். காலியர் ஹைட்ஸ் 1950-களிலிருந்து கறுப்பினத்தவரே திட்டமிட்டு, பணம் திரட்டி, கட்டி எழுப்பிய குடியிருப்பு. 2009-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. கேஸ்கேட் ஹைட்ஸ் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் வாழும் மரநிழல் தெருக்கள். 1962 டிசம்பரில், கறுப்பினத்தவர் வீடு வாங்கி வந்துவிடுவார்கள் என்று பயந்து, மாநகராட்சியே பெய்ட்டன் சாலையில் தடுப்பு போட்டு அடைத்தது இங்கேதான். 1963 மார்ச்சில் நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது. இன்னும் தெற்கே, 2017-இல் தனி நகராட்சியான சவுத் ஃபுல்டனில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். வீடுகள் புதியவை, பெரியவை, ஆனால் ரயில் இல்லை. ரயில் வேண்டுமென்றால் ஈஸ்ட் பாயிண்ட், காலேஜ் பார்க். இரண்டு நிலையங்களிலிருந்தும் வண்டி மாறாமல் மிட்டவுன் போகலாம். காலேஜ் பார்க்கில் விமானச் சத்தம் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு வார நாள் மாலையில் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லா இனத்தவரும் கலந்து வாழும் இடம்தான் இருவருக்கும் வேண்டுமென்றால் டெகேட்டர் பக்கம் பாருங்கள். ரயில் உண்டு, ஃபைவ் பாயிண்ட்ஸில் மாற வேண்டும். இந்திய மளிகைக்கு அங்கேயே பட்டேல் பிளாசா இருக்கிறது. ஊருக்குள் சேர்ந்த டெகேட்டர் நகர வீடுகள் விலை அதிகம், சுற்றுவட்டாரம் பரவாயில்லை.

உங்கள் மகள் தெற்கே போனால் நம் ஆட்களை விட்டு விலகிவிடுவாளோ என்ற கவலை வேண்டாம். பெருமாள் குடிகொண்டிருக்கும் அட்லாண்டா இந்துக் கோயில் இருப்பது ரிவர்டேலில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் கிளேட்டன் கவுண்டியில். வடக்கே இருக்கும் நம்மவர்கள்தான் ஊரைக் கடந்து அங்கே வருகிறார்கள்.

கேள்வி: வீட்டு ஏஜெண்டிடம் "இங்கே கறுப்பினக் குடும்பங்கள் எத்தனை, பாதுகாப்பான இடமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். ஏன் மறைக்கிறார்? – வாசகர், சார்லட்

பதில்: மறைக்கவில்லை, சொன்னால் அவருக்குச் சட்டச் சிக்கல். 1968-இன் நியாய வீட்டுரிமைச் சட்டப்படி, வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்து ஓர் ஏரியாவுக்கு இழுப்பதும் ஓர் ஏரியாவிலிருந்து தள்ளுவதும் சட்டவிரோதம். ஒரு காலத்தில் கறுப்பினத்தவரை ஊரின் ஒரே மூலையில் அடைத்துவைத்த தந்திரமே அதுதான். அதனால் நேர்மையான ஏஜெண்ட் வாயைத் திறக்க மாட்டார். கேட்காமலே "உங்களுக்கு அந்தப் பக்கம்தான் சரிவரும்" என்கிறவர்தான் ஆபத்தானவர். அவரை உடனே மாற்றுங்கள்.

எண்ணிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க சென்சஸ் இணையதளத்தில் ஐந்தாண்டு சமூக ஆய்வுத் தரவைத் திறந்துகொள்ளுங்கள்; ஆனால் அஞ்சல் குறியீட்டைப் போடாதீர்கள். அது மிகப் பெரிய வட்டம், நடுவில் ஒரு நெடுஞ்சாலை இரண்டு உலகங்களைப் பிரித்திருக்கும். வீட்டு முகவரியைக் கொடுத்து 'சென்சஸ் டிராக்ட்' (கணக்கெடுப்புக்கான சிறு வட்டம்) எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு டிராக்டில் சராசரியாக 4,000 பேர்தான். பி03002 அட்டவணை இன வாரி எண்ணிக்கை. பி19013பி கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலை வருமானம். பி25003பி அவர்களில் சொந்த வீட்டில் இருப்போர், வாடகைக்கு இருப்போர். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை அதிகம், வருமானமும் சொந்த வீடும் அதிகம் என்றால் அது உங்களைப் போன்ற பணியில் இருப்பவர்கள் நிலைத்த இடம். சிறிய வட்டத் தரவில் பிழை எல்லை பெரிதாக இருக்கும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணையும் படியுங்கள்.

எண்கள் சொல்லாததை நேரில் பார்த்தால்தான் தெரியும். செவ்வாய் மாலை ஆறு மணி, வெள்ளி இரவு பத்து மணி, ஞாயிறு காலை என மூன்று வேளை போங்கள். கறுப்பினத்தவர் முடிவெட்டும் கடை எத்தனை நிமிடத்தில் இருக்கிறது? சுருள்முடிக்குப் பின்னல் போடத் தெரிந்தவர் இருக்கிறாரா? இது சின்ன விஷயமாகத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிடம் ஓட்டிப் போகிறவரைக் கேளுங்கள். கறுப்பினப் பட்டதாரிச் சகோதரத்துவச் சங்கங்களின் உள்ளூர்க் கிளையும் தேவாலயமும் ஏஜெண்ட் சொல்ல முடியாததைச் சொல்லும்.

ஏஜெண்ட் தேடும்போது இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டு ஏஜெண்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், 1947-இல் அவர்கள் தனியாகத் தொடங்கிய அமைப்பின் உறுப்பினர்கள் 'ரியல்டிஸ்ட்' என்றே பெயர் போட்டுக்கொள்வார்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல், வீடு காட்டக் கூட்டிப்போகும் முன்பே ரியல்டர்கள் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறார்கள். கால அளவை முதலில் 30 நாளுக்கு மட்டும் போடுங்கள், பிடித்தால் நீட்டலாம்.

கேள்வி: என் அலுவலக நண்பர் கறுப்பினத்தவர். விளம்பரம் பார்த்து அபார்ட்மெண்ட் கேட்டார், "போய்விட்டது" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து நான் கூப்பிட்டால் "இருக்கிறது, வாங்க" என்கிறார்கள். என்ன செய்வது? – வாசகர், ஆல்ஃபரெட்டா

பதில்: கோபத்தில் முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். அனுப்பிவிட்டால் அவர்கள் விளம்பரத்தை எடுத்துவிட்டு, காரணம் தயாரித்துவிடுவார்கள். அன்றே இருவரும் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டியவை: அழைத்த நேரம், பேசியவர் பெயர், எத்தனை படுக்கையறை, சொன்ன வாடகை, எந்தத் தேதியில் காலி என்பது. விளம்பரத்தைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். தொலைபேசியில் இருக்கும் அழைப்புப் பட்டியலும் வேண்டும்.

பிறகு நண்பர் அமைதியாக ஒரு மின்னஞ்சல் போடட்டும்: எந்த வீடுகள் காலி, எப்போதிலிருந்து, விண்ணப்பத்துக்கு என்ன தகுதி. வழக்கமான தகுதி, வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம், கடன் மதிப்பெண், பழைய வெளியேற்ற வழக்கு இல்லாமை. கடன் அறிக்கையைக் காட்டி மறுத்தால் அவர்கள் அறிவிப்புத் தந்தாக வேண்டும். 60 நாளுக்குள் அந்த அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். எழுத்தில் பதில் வந்த பிறகு, மத்திய வீட்டு வசதித் துறையிடம் புகார். ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், எண் 1-800-669-9777. நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு. நகரத்தில் நியாய வீட்டுரிமை அமைப்பு இருந்தால் பயிற்சி பெற்ற இரு இனத்தவரை அனுப்பிச் சோதிப்பார்கள். நீங்கள் செய்ததைவிட அது வலுவான சாட்சி.

பெரும்பாலும் நடப்பது இப்படி வெளிப்படையான மறுப்பே அல்ல. அதே வீட்டு வசதித் துறை 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின வாடகைதாரரிடம் வெள்ளையரிடம் சொன்னதைவிட 11 சதவீதம் குறைவான வீடுகளையும், வாங்க வந்த கறுப்பினத்தவரிடம் 17 சதவீதம் குறைவான வீடுகளையும் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். சிரித்த முகத்தோடுதான். எனவே "வேறு என்ன காலி?" என்று எப்போதும் கேளுங்கள், எழுத்தில்.

நீங்கள் அந்த அழைப்பைக் குறித்துவைத்ததே பெரிய உதவி. சாட்சியாக உங்கள் பெயரைக் கொடுக்கவும் தயங்காதீர்கள்.

கேள்வி: தெற்கு டிகால்ப் கவுண்டியில் ஒரே அளவு வீடு, வடக்கே இருப்பதில் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – வாசகி, லித்தோனியா

பதில்: வாழ்வதற்கு நல்ல பேரம். விலை ஏறும் வேகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் இடங்களில் வீட்டைக் குறைத்து மதிப்பிடுவது அளந்து பார்த்த விஷயம். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பேசிய விலைக்குக் கீழே மதிப்பீடு வந்தது வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீத வீடுகளுக்கு, கறுப்பினப் பகுதிகளில் 12.5 சதவீத வீடுகளுக்கு. மதிப்பீட்டாளர் ஒப்பிட எடுக்கும் மூன்று நான்கு வீடுகளும் ஏற்கெனவே குறைத்து மதிப்பிட்ட அதே வட்டத்துக்குள் இருப்பதால், பழைய அநியாயம் புது எண்ணாக மறுபடி வருகிறது.

மதிப்பீட்டு அறிக்கையின் நகல், கிரயத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாகவே உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வந்ததும் சதுர அடி, அறை எண்ணிக்கை, புதுப்பித்த சமையலறை எல்லாம் சரியாக இருக்கிறதா, ஒப்பீட்டு வீடுகள் ஆறு மாதத்துக்குள் விற்றவையா என்று பாருங்கள். தவறு இருந்தால் இன்னும் பொருத்தமான மூன்று விற்பனைகளைக் காட்டி, கடன் தரும் வங்கி வழியாக மறுமதிப்பீடு கேளுங்கள். விற்கும்போது குடும்பப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவைக்கும் கறுப்பினத்தவர் உண்டு. அப்படிச் செய்ய வேண்டியிருப்பது நெஞ்சைச் சுடும் விஷயம். செய்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

வீட்டைப் பொறுத்தவரை: ஒப்பந்தத்தில் ஆய்வுக் காலம் பத்து நாளாவது கேளுங்கள். அந்தப் பத்து நாளில் கரையான் பாதுகாப்பு ஒப்பந்தம் புதியவர் பெயருக்கு மாறுமா என்பதும், மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவும் முக்கியம். டிகால்ப், ஃபுல்டன், காப், குவினெட் நான்கும் ரேடான் அதிகம் எதிர்பார்க்கப்படும் கவுண்டிகள். அளவு லிட்டர் காற்றுக்கு 4 பிகோக்யூரியைத் தொட்டால் காற்றுக் குழாய் போட வேண்டும், அந்தச் செலவை விற்பவரிடம் கேளுங்கள். குடியேறிய பின் ஏப்ரல் 1-க்குள் குடியிருப்புவரிச் சலுகைக்கு விண்ணப்பம். வரி மதிப்பு அதிகமென்று தோன்றினால் அறிவிப்புத் தேதியிலிருந்து 45 நாளுக்குள் முறையீடு.

கேள்வி: பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்கலாமா? பிள்ளை கலப்பினம். – வாசகர், சிகாகோ

பதில்: பத்துக்கு ஒன்பது என்ற எண், உங்கள் பிள்ளையை அந்தப் பள்ளி எப்படி நடத்தும் என்று சொல்லாது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைத் தரவில் பள்ளிவாரியாகப் பாருங்கள்: மொத்த மாணவரில் கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை சதவீதம், சிறப்புத் திறன் வகுப்பில் எத்தனை, பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் எத்தனை. மாணவரில் 20 சதவீதம், சிறப்புத் திறன் வகுப்பில் 4, இடைநீக்கத்தில் 50 என்று இருந்தால் ஒன்பது மதிப்பெண் யாருக்கு என்பது புரிந்துவிடும். தலைமையாசிரியரிடம் அதையே கேளுங்கள். திணறாமல் பதில் சொல்கிற பள்ளி அந்தக் கணக்கை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

'அட்லாண்டா' என்று அஞ்சல் முகவரி இருந்தாலே அது அட்லாண்டா மாநகரம் ஆகிவிடாது. டிகால்பில் பல தெருக்களுக்கு அந்த முகவரி உண்டு. பள்ளியும் வரியும் கவுண்டியுடையது. பள்ளி வாரியத்தின் முகவரித் தேடலில் கதவு எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: முதலில் எவ்வளவு நாள் வாடகைக்கு இருப்பது? – வாசகி, டல்லஸ்

பதில்: ஒரு பள்ளியாண்டு. 12 மாத லீஸில் வேலை மாற்றல் காரணமாக முன்கூட்டியே வெளியேறும் பிரிவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஜார்ஜியாவில் 2024 ஜூலை 1 முதல் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தபின் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். உள்ளே போகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, அன்றே அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.